தலையில்லாத விரால்

பித்தளைக் கும்பாவில் சோறு. சோற்றின் மேல் மிளகு அரைத்து ஊற்றிய கறுத்த குழம்பு. அதில் ஒரே ஒரு மீன் துண்டு, வால் துண்டு. பூண்டும் நல்லெண்ணெயும் கலந்த ஆவி மூக்கில் ஏறுகிறது. என் மடியில், பிறந்து பத்துப் பன்னிரண்டு நாளான என் மகள் சௌந்தரம் அழுது அழுது தொண்டை கட்டி, பூனைக்குட்டி மாதிரி முனகிக்கொண்டிருக்கிறாள்.

எதிரே இடுப்பில் கைவைத்து நிற்கிறாள் பொன்னாத்தா மதினி. என் வீட்டுக்காரருக்கு அக்கா. புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பி வீட்டோடு வந்து இருந்தவள்.

"முழிச்சுக்கிட்டு இருக்காமத் தின்னுத்தா. விராலு. பால் ஊறும்."

நான் குழம்பைக் கிளறிப் பார்த்தேன். நேற்றும் வால்தான். முந்தாநாளும் வால்தான். மீன் என்றால் தலையும் உண்டுதானே?

"தலை எங்க மதினி?"

"தலையை நான் தின்னுட்டேன்."

முகத்தில் ஒரு வெட்கம், ஒரு தயக்கம், ஏதாவது இருக்க வேண்டுமே! கிடையாது. சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, இப்போது எழுதும்போதுகூடக் காது சூடாகிறது. பிள்ளை பெற்றுக் கிடப்பவள் நான். விராலின் தலையைத் தின்பவள் நாத்தனாரா? என்ன பொம்பளையடா சாமி என்று நினைத்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தேன்.

அந்தத் தலை எங்கே போனது என்பதுதான் இந்த வாரத்துக் கதை.

கடல்காரியும் சேற்று மீனும்

நான் மீமிசல்காரி. அப்பா கடலுக்குப் போனவர். எங்கள் வீட்டு முற்றத்தில் மண்ணைக் கூட்டினாலும் செதில்தான் வரும். எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாவைப் புட்டாக உதிர்த்துக் கொடுப்பார்கள். அதைத் தின்றவளுக்குப் பால் ஊறவில்லை என்று நான் கேள்விப்பட்டதே இல்லை.

என்னைக் கட்டிக்கொடுத்த ஊர் ஆவுடையார்கோவிலுக்கு மேற்கே, கண்மாய்க்கரை ஊர். அங்கே மீன் என்றால் கெண்டை, கெளுத்தி, விரால். வந்த புதிதில் முகத்தைச் சுளித்து, "இது சேத்து வாடையில்ல அடிக்குது" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து மதினி எனக்கு வைத்த பெயர் 'கடல்காரி'. குடத்தை எடுத்தால், "கடல்காரி தண்ணிக்குப் போறா, வழி விடுங்க" என்பாள். எனக்குச் சுருக்கென்று இருக்கும். சும்மா இருப்பேனா? "ஆமா, குட்டையிலயா பொறந்தேன்?" என்று திருப்பிக் கொடுப்பேன். எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததோ இல்லையோ, எங்கள் இரண்டு பேர் வாயும் எரிந்துகொண்டே இருக்கும்.

முதல் பிரசவம் தாய் வீட்டில்தான் நடந்திருக்க வேண்டும். ஆனால் அது இரண்டாம் உலகச் சண்டைக் காலம். கடலில் எதிரிக் கப்பல் வருகிறது, குண்டு போடப் போகிறான் என்று தினம் ஒரு வதந்தி. கரையோரத்து ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். அப்பா ஆள் சொல்லி அனுப்பினார்: "பிள்ளையை இங்கிட்டு அனுப்ப வேண்டாம். அங்கிட்டே பாத்துக்கங்க." படகுகள் கரையேறிக் கிடந்தன. எனக்கு வரவேண்டிய பால்சுறா கடலிலேயே நின்றுவிட்டது. ஒரே ஒரு தடவை மாட்டுவண்டியில் கொஞ்சம் சுறாக் கருவாடு வந்தது. அது நாலு வேளைக்குக்கூடக் காணவில்லை.

மாசி மாதம் சௌந்தரம் பிறந்தாள். எனக்குப் பால் ஊறவில்லை.

இதை எழுதுவது சுலபம். அந்த நாட்களில் அந்தப் பாயில் கிடந்தவளுக்குத்தான் தெரியும். குழந்தை வாய் வைக்கும், சப்பும், ஒன்றும் வராது, அலறும். ஆட்டுப்பாலைச் சங்கில் ஊற்றிப் புகட்டினோம். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டது. இருந்த ஒரு கோழியையும் அடித்துச் சாறு வைத்துக் கொடுத்தார்கள். அரிசிக்கே ஊர் அலைந்த நேரம் அது. மருத்துவச்சி குழந்தையின் உச்சிக்குழியைத் தடவிப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் மதினியிடம் சொன்னாள்: "தாய்ப்பால் எறங்கணும்த்தா. இல்லாட்டி இது தாங்காது. விரால் கெடைச்சா மிளகுபோட்டுக் குடு."

விரால் எங்கே இருந்தது? எங்கள் வீட்டு வாசலில் இருந்தது. கண்மாய் நிறைய இருந்தது. ஆனால் அதைத் தொட முடியாது. சந்தையில் வாங்கக் கையில் காசும் இல்லை.

காவல்காரர் வீட்டு அடுப்பு

அந்தப் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தை அறுப்பு முடிந்ததும் ஊர் கூடிக் கண்மாயை 'அடைத்து'விடுவார்கள். அடைப்பது என்றால் வேலி போடுவதில்லை, வாய்வார்த்தைதான். அன்றிலிருந்து எவனும் தூண்டில் போடக் கூடாது, வலை வீசக் கூடாது, மீனைக் கவிழ்த்துப் பிடிக்கிற ஊத்தாக் கூடையை எடுத்துக்கொண்டு கரையில் ஏறக்கூடக் கூடாது. கோடையில் தண்ணீர் வற்றி முழங்காலுக்கு வரும்போது ஒரு நாள் குறிப்பார்கள். அன்று காலையில் ஊர்த்தலைவரான அம்பலக்காரர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். துண்டு இறங்குவதற்குள் ஊரே தண்ணீருக்குள் இருக்கும். அதுதான் மீன்பிடி.

அதுவரைக்கும் கண்மாய்க்கு ஒரு காவல்காரன். அந்த வருஷம் அது என் வீட்டுக்காரர் முத்துக்கருப்பன். எங்கள் வீடு கரையின் கோடியில், கலுங்குக்குப் பக்கத்து மேட்டில் தனியாக இருந்ததால் அவரைப் பிடித்துப் போட்டார்கள். கலுங்கு என்பது கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற கல்கட்டு. காவல்காரன் வீட்டில் மீன்பிடி நாள் வரைக்கும் மீன் சமைக்கக் கூடாது என்பதும் வழக்கம். பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரிக்கு மட்டும் விலக்கு உண்டு, அதுவும் வெளியிலிருந்து வாங்கிய மீனாக இருந்தால்.

மனுஷன் நேர்மை என்றால் அப்படி ஒரு நேர்மை. நான் வாய்விட்டே கேட்டேன்.

"ஒரே ஒரு விராலுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே" என்றார்.

"ஒங்க பிள்ளைங்க அது!"

அவர் குழந்தையைப் பார்த்தார். கண் கலங்கியது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். மதினி அவருக்குப் பின்னாலேயே வாசல் வரைக்கும் போய்க் கத்தினாள்: "டேய், மீனுக்குக் காவ காக்குற. பெத்த பிள்ளைக்குக் காவ காக்க மாட்டியா? நல்லா இருடா!"

அம்பலக்காரரிடம் கேட்கலாமா என்றும் யோசித்தோம். காவல்காரனே முதலில் விலக்குக் கேட்டால் அப்புறம் ஊரில் எவன் கட்டுப்படுவான் என்று என் வீட்டுக்காரர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான். அந்த நியாயத்தை நான் எத்தனை தடவை சபித்தேன் என்று கணக்கில்லை.

சன்னலுக்கு அந்தப் பக்கம்

தீட்டுக் கழிகிற வரைக்கும் அறையை விட்டு வெளியே வரக்கூடாது. எனக்கு இருந்த உலகம் மண்சுவரில் இரண்டு கை அகலத்துக்கு ஓர் ஓட்டை. அதற்குச் சன்னல் என்று பெயர். அதன் வழியாகக் கலுங்குக் கல்லும், அதை ஒட்டிய மணல்திட்டும், கொஞ்சம் தண்ணீரும், நாணல் புதரும் தெரியும்.

அங்கேதான் அந்தக் குடும்பம் குடியிருந்தது. நீர்நாய்க் குடும்பம்.

நீர்நாயைச் சின்ன வயதிலேயே எனக்குத் தெரியும். மீமிசல் கழிமுகத்தில் அப்பாவின் வலையைக் கிழித்துவிட்டுப் போகும். அப்பா அதன் ஏழு தலைமுறையையும் திட்டுவார். கண்மாய்க்கரையிலும் அதற்கு நல்ல பெயர் இல்லை. ஊர் அடைத்து வைத்த மீனைக் கேட்பாரில்லாமல் தின்கிற ஒரே திருடன் அதுதான். தகரத்தைத் தட்டி அதை விரட்டுவதும் என் வீட்டுக்காரரின் வேலை. மீன்பிடிக்கு முன்னால் டவுனிலிருந்து துப்பாக்கிக்காரன் ஒருவனைக் கூட்டிவந்து எல்லாவற்றையும் சுட்டுவிடுவதாக ஊரில் பேச்சு இருந்தது.

வேறு வேலை இல்லாமல் அந்த ஓட்டை வழியாக அவற்றைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் எனக்கு அக்கம்பக்கத்து வீடு மாதிரி ஆகிவிட்டது. ஒரு கடுவன், விட்டால் ஆளையே இழுத்துக்கொண்டு போகிற கனம். அதற்கு ஒரு பெண்டாட்டி. போன வருஷத்துப் பிள்ளைகள் இரண்டு மூன்று. அப்புறம் இந்த வருஷத்துக் குட்டிகள், மெழுகி விட்டதுபோல வழவழவென்று.

விடிகிற நேரத்தில் நாணலுக்குள் முதலில் ஒரு சீட்டிச் சத்தம் கேட்கும். பதிலுக்கு இன்னொரு சீட்டி. குடும்பத்தையே எழுப்பிவிடுகிற சத்தம் அது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீரில் இறங்கும். இறங்கியதும் பிறைபோல வளைந்து வரிசை கட்டும். நம் ஆட்கள் இழுவலை பிடித்து வளைப்பார்களே, அதேதான், வலை மட்டும் இல்லை. அப்படியே மீனை நெருக்கி நெருக்கிக் கலுங்கோரத்து ஆழமில்லாத மூலைக்குத் தள்ளிக்கொண்டு வரும். மூலைக்கு வந்ததும் தண்ணீர் கொதிக்கிற மாதிரி மீன் துள்ளும்.

குட்டிகளுக்குத் தண்ணீர் என்றால் பயம். நீர்நாய்க்குட்டிக்குத் தண்ணீர் பயம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். நான் பார்த்தேன். தாய் பிடரியைக் கவ்விக்கொண்டுபோய்த் தண்ணீரில் போடும். குட்டி கத்திக்கொண்டே கரையேறும். திரும்பக் கவ்வும். திரும்பப் போடும். பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்கிற பிள்ளையை இழுத்துப் போகிற கதைதான்.

இன்னொன்று சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். எங்கள் ஊரில் ஒரு வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. அந்தக் குடும்பத்துக்கு இருந்தது. நாணல் புதருக்குப் பக்கத்தில் தனியாக ஒரு கல். பெரியது, சின்னது எல்லாம் அந்த ஒரு கல்லுக்குத்தான் போகும். காய்ந்த பிறகு அதில் மீன் செதில் வெயிலில் பளபளக்கும். தண்ணீரில் இறங்கி ஏறினால் மணல்திட்டில் மல்லாந்து புரண்டு உடம்பைத் துவட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டு மனிதர்களைவிடச் சுத்தம்.

வெயிலில் தாய் ஒருக்களித்துப் படுக்கும். குட்டிகள் மொய்த்துக்கொண்டு பால் குடிக்கும். அதைப் பார்க்கும்போதுதான் எனக்குத் தாங்காது. "உனக்கு மட்டும் எப்படிடீ ஊறுது?" என்று சன்னலுக்குள்ளிருந்து வாய்விட்டே கேட்டிருக்கிறேன். அழுதும் இருக்கிறேன்.

ஆனால் ஒரு விஷயம் நான் பார்த்ததில்லை. அவை மீனைக் கவ்விக் கரையேறுகிற நேரம் பார்த்து மதினி வந்து சாக்கை இழுத்துச் சன்னலை மூடிவிடுவாள். "காத்து படும். கண்ணை மூடிக் கெட." குட்டிகள் பால் குடிக்கிற நேரத்துக்குத்தான் திரும்பத் திறப்பாள். அதே நேரத்தில் தம்பியையும் விரட்டுவாள்: "ராவெல்லாம் முழிச்சிருக்க. போய்ப் படுடா. தகரத்தை நான் தட்டுறேன்." தகரச் சத்தம் ஒருநாளும் எனக்குக் கேட்டதில்லை. அதைப் பற்றி அப்போது யோசிக்கவும் இல்லை.

அந்த நாட்களில்தான் கும்பாவில் வால் துண்டு வர ஆரம்பித்தது. மீன் ஏது என்று கேட்டதற்கு, "சந்தையில வாங்கினேன்" என்றாள். எதையோ விற்று வாங்கியிருக்கிறாள் என்று நான் நம்பினேன். தம்பியிடம், "மீமிசல் கருவாடு, மிச்சம் இருந்துச்சு" என்று சொல்லியிருக்கிறாள். அவரும் நம்பினார்.

எனக்குப் பால் ஊறியது. முதலில் சொட்டுச் சொட்டாக. பிறகு குழந்தை விழுங்குகிற சத்தம் எனக்கே கேட்டது. அந்தச் சத்தத்தைவிட இனிமையான ஒன்றை இந்த வயது வரைக்கும் நான் கேட்டதில்லை.

கலுங்கடிக் கூட்டம்

விரால் குழம்பை மூடி வைக்கலாம். அதன் மணத்தை எந்தச் சட்டியைப் போட்டு மூடுவது?

சோலைமலை என்று ஒருவர். எங்களுக்கு அடுத்த வயல்காரர். போன வருஷம் காவல் அவரிடம் இருந்தது, இந்த வருஷம் கைமாறியதில் கொஞ்சம் வருத்தம். ஒருநாள் வீட்டுப் பக்கமாகப் போனவர் நின்று மூக்கை உறிஞ்சியிருக்கிறார். மறுநாள் காலையில் ஊர் கூடிவிட்டது. கூட்டம் எங்கள் வீட்டுக்கு எதிரே கலுங்கடி மரத்து நிழலில்தான். அறைக்குள் கிடந்த எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"காவக்காரன் வீட்டுல தெனமும் விரால் கொழம்பு மணக்குது. ஊரு கேக்க வேணாமா?" இது சோலைமலை.

என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். "கருவாட்டுக் கொழம்புங்க அம்பலம். என் மாமனார் வீட்டுக் கருவாடு."

"கருவாட்டுக்கும் பச்சை மீனுக்கும் வாடை தெரியாமயா நான் மூக்கை வச்சிருக்கேன்?"

என்னிடம் சந்தை மீன், தம்பியிடம் கருவாடு என்றால் இது கண்மாய் மீன்தானோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நிரூபணமானால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். காவல் போகும், மீன்பிடி அன்று தண்ணீரில் இறங்க முடியாது. அதெல்லாம் போகட்டும். என் புருஷன் அந்த ஊரில் அப்புறம் தலைநிமிர்ந்து நடக்க மாட்டார். குழந்தைக்குக் கிடைத்த பாலும் அன்றோடு நிற்கும்.

அப்போதுதான் மதினியின் குரல். "பச்சை மீனுதான். விராலுதான். என் தம்பிக்குத் தெரியாது. நானும் தண்ணியில காலு வைக்கலை. தண்ணிநாயி கடிச்சுப் போட்ட மிச்சம். கலுங்குக் கல்லு மேல கெடந்ததை எடுத்தாந்தேன்."

கூட்டமே சிரித்தது.

"தண்ணிநாயி வீடு தேடி வந்து கதவைத் தட்டிக் குடுத்துட்டுப் போச்சாக்கும்!"

"மடியில கட்டிக் குடுத்துச்சா, எலையில வச்சுக் குடுத்துச்சா?"

என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "அக்கா, பிள்ளை பெத்தவளுக்கு நாயெச்சியையா குடுத்தே?" என்றார். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். தினமும் நான் சப்பிச் சாப்பிட்டது எச்சில்! மீமிசலில் கேள்விப்பட்டால் என் அப்பா என்ன சொல்வார்! அந்த நேரம் பார்த்துச் சௌந்தரம் சிணுங்கினாள். அவள் சிணுங்கியதும் மார்பு கனத்து என் சேலை நனைந்தது. வாயைப் பொத்திய கையை இன்னும் எடுக்கவில்லை, பால் வழிகிறது. அந்த ஈரத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அந்தத் தலை எங்கே போனது என்பது உட்பட.

தீட்டாவது ஒன்றாவது! குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து சன்னல் சாக்கைப் பிய்த்துத் தள்ளினேன்.

"அம்பலம்! தலையைக் கேளுங்க!"

எல்லாரும் திரும்பினார்கள். பச்சை உடம்புக்காரி ஊர்க்கூட்டத்தில் பேசி அவர்கள் பார்த்ததில்லை.

"எந்தத் தலையத்தா?" என்றார் அம்பலக்காரர்.

"விரால் தலைய்யா! தலை எங்கன்னு கேட்டு நான் இவுகளோட தெனமும் சண்டை போட்டிருக்கேன். ஒருநாளும் ஒரு தலை இந்த வீட்டுக்குள்ள வரலை. வாலுதான் வந்துச்சு. திருடுறவுக தலையோட திருட மாட்டாகளா?"

அம்பலக்காரர் விரால் தலைக்கு உயிரை விடுகிறவர் என்பது ஊருக்கே தெரியும். விருந்து வீட்டில் தலை தனக்கு வரவில்லை என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் தாடையைத் தடவினார்.

"அதுவும் கேள்விதானேப்பா. விராலைப் புடிச்சு, தலையை வீசிட்டு வாலைத் திங்கிற கிறுக்கன் எந்தச் சீமையில இருக்கான்?"

சோலைமலை விடவில்லை. "தலையைத் தின்னுட்டு முள்ளைப் பொதைச்சிருப்பாக."

"சரி" என்றார் அம்பலக்காரர். "நாளைக்கு விடியட்டும். தண்ணிநாயி எதைப் போடுதுன்னு ஊரே வந்து பாப்போம். அதுவரைக்கும் இந்த வீட்டு அடுப்புல மீன் ஏறக்கூடாது."

விடிந்தது

அன்றைக்கு முழுக்க வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மதினி மட்டும் ஒருமுறை வந்து குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

"ஏன் மதினி சொல்லலை?" என்று கேட்டேன்.

"எச்சின்னு சொன்னா நீ தின்னிருப்பியா? கடல்காரிக்கு ராங்கி கொஞ்சமா?"

"அதுக்காக, தலையை நீங்க தின்னதாவா சொல்றது?"

"வேற என்னத்தைச் சொல்ல? நீ திட்டிக்கிட்டே தின்ன. தின்னியா இல்லியா?"

காவல் வீட்டு விரதம் அவளுக்கும் உண்டு. அறுப்பு முடிந்ததிலிருந்து ஒரு மீன் முள்ளைக்கூட அவள் வாயில் வைக்கவில்லை. வெறும் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டு, விரால் தலை தின்றதாகப் பழியை ஏற்றுக்கொண்டிருந்தாள்.

விடியற்காலையில் ஆண்கள் எல்லாம் கரைக்குப் பின்னால் குப்புறப் படுத்திருந்தார்கள். நான் சன்னலில் கண்ணை வைத்திருந்தேன். வெளிச்சம் வந்துவிட்டது. நாணல் அசையவில்லை. சீட்டி இல்லை. எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். கரைக்குப் பின்னாலிருந்து புகை எழுந்தது.

"பீடியை அணைங்கப்பா!" என் சன்னலுக்கு வெளியே சுவரோரம் குந்தியிருந்த மதினி அடிக்குரலில் சீறினாள். "இந்த நாத்தத்துக்கு அது எப்படி வரும்?"

அணைத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம். சோலைமலை எழுந்திருக்கப் போனார்.

ஒரு சீட்டி. பதிலுக்கு இன்னொன்று.

இறங்கின. வரிசை கட்டின. வளைத்தன. அந்த மூலைத் தண்ணீர் கொதித்தது. கடுவன் தலையைத் தூக்கியபோது அதன் வாயில் முழங்கை நீளத்துக்கு ஒரு விரால். இழுத்துக்கொண்டு கலுங்குக் கல்லில் ஏறியது. இரண்டு முன்னங்காலாலும் மீனை அமுக்கிக்கொண்டு தலையில்தான் முதல் கடி. நறுக் நறுக்கென்று எலும்பு நொறுங்குகிற சத்தம் எனக்கே கேட்டது. தாய் வந்து பங்குக்கு நின்றது. குட்டி ஒன்று இடையில் புகுந்து ஒரு வாய் இழுத்தது. பாதி உடம்பு போனதும் குட்டிக்கு விளையாட்டு நினைப்பு வந்துவிட்டது. அது மணலுக்கு ஓட, மற்றதெல்லாம் பின்னாலேயே ஓடின. புரண்டு துவட்டிக்கொண்டு நாணலுக்குள் போய்விட்டன.

கல்லின் மேல் வால் பாதி கிடந்தது.

முதலில் எழுந்தவர் சோலைமலைதான். போய் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல் பட்ட இடத்தை விரலால் தடவினார். எல்லாரும் அவரைச் சுற்றி நின்றார்கள். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"இருந்தாலும் அம்பலம்," என்று இழுத்தார், "கண்மாய் மீனு ஊரு மீனுதானே?"

அம்பலக்காரர் சொன்ன தீர்ப்பு இன்றைக்கும் எனக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது.

"தண்ணிக்குள்ள இருக்குறது ஊரு மீனு. தண்ணிநாயி வாயில போனது தண்ணிநாயி மீனு. அது போதுமின்னு போட்டுட்டுப் போனது அந்தப் பச்சை உடம்புக்காரி மீனு. ஊருக்கு இதுல என்னப்பா வேலை? சோலைமலை, கையில வச்சிருக்கியே, நீயே கொண்டுபோய்க் குடு. துப்பாக்கிக்காரனை வரச்சொன்னீகளே, அதையும் நிறுத்துங்க. பால் குடுக்குற வீட்டுல யாராச்சும் சுடுவாகளா?"

சோலைமலை எங்கள் வாசலில் வந்து நின்றார். மீனை மதினி கையில் கொடுத்தார். "மிளகு கொஞ்சம் தூக்கலாப் போடுங்க ஆத்தா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு தினமும் விடிந்ததும் யாராவது ஒருத்தி கல்லுக்குப் போய்ப் பார்த்து, கிடந்ததைக் கொண்டுவந்து கொடுப்பாள். சில நாள் ஒன்றும் இருக்காது. காக்கை முந்திக்கொண்டிருக்கும். ஆனால் பால் நிற்கவில்லை. எச்சில் என்று தெரிந்தே தின்றேன். கடைசி முள் வரைக்கும் சப்பித் தின்றேன்.

மீன்பிடி அன்று

கோடை ஏற ஏறத் தண்ணீர் சுண்டியது. ஒருநாள் விடியலில் சீட்டி கேட்கவில்லை. மறுநாளும் இல்லை. கரைக்கு அந்தப் பக்கம் வெள்ளாற்றுப் பக்கமாகப் போகிற தடம், பெரிதும் சிறிதுமாக, மண்ணில் கிடந்தது என்று என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். தகரத்தைத் தட்டி விரட்டிய மனுஷன், அந்தத் தடம் முடிகிற இடம் வரைக்கும் கூடவே போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அவற்றுக்கு என்னைத் தெரியாது. என் மகளைத் தெரியாது. வயிறு நிறைந்ததும் மிச்சத்தைப் போட்டுவிட்டுப் போனதைத் தவிர அவை எதுவும் செய்யவில்லை. அது போதுமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் நான் எத்தனையோ பேருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். அந்தக் குடும்பத்துக்குச் சொல்ல முடியாமல் போனதுதான் எனக்குக் குறை. இதை எழுதுவதாவது அதற்கு ஆகட்டும்.

அப்புறம் அம்பலக்காரர் வெள்ளைத் துண்டை வீசினார். ஊரே சேற்றில் புரண்டது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கரையில் நின்றேன். நன்றாகக் கொழுத்திருந்தாள், தோள் வலித்தது. அம்பலக்காரர் சேறும் சகதியுமாக ஏறி வந்து, உயிரோடு துடிக்கிற ஒரு விராலை என் முன்னால் போட்டார். "இந்தாத்தா. இந்தத் தடவை தலையோட இருக்கு. பாத்துக்க."

கரையே சிரித்தது.

மதினிதான் குழம்பு வைத்தாள். அதே மண்சட்டி, அதே மிளகு, அதே பித்தளைக் கும்பா. என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். சோற்றின் மேல் முழுத் தலை, வாயைத் திறந்துகொண்டு இருந்தது. இடுப்பில் கைவைத்து எதிரே நின்றாள்.

"தின்னுத்தா. ஆசையாக் கேட்டியே."

நான் தலையை எடுத்து, பக்கத்தில் இருந்த அவளுடைய கும்பாவில் வைத்தேன்.

"என்னடி இது?"

"இந்த வீட்டுல தலை திங்கிறது நீங்கதானே மதினி?"

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். தலையை இரண்டாகப் பிளந்து, கண்ணை மூடிக்கொண்டு, உறிஞ்சி உறிஞ்சித் தின்றாள்.

நான் சட்டியிலிருந்து வால் துண்டை எடுத்துக்கொண்டேன்.